வேலி எங்கே போடுவது? முனைவர் பட்ட முன்மொழிவில் ஆய்வெல்லை

சனிக்கிழமை காலையில் தேக்கா உணவங்காடி நிலையத்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய காரியம். எப்படியோ பிடித்த ஒரு மேசையில், தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு தங்கை தன் முனைவர் பட்ட முன்மொழிவை என் பக்கம் நகர்த்தினார். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். சம்பளமில்லா விடுப்பு எடுத்து முழுநேரமாகப் படிக்கப் போகிறார். தலைப்பு இது: ‘சிங்கப்பூர்த் தமிழரும் தமிழ்மொழியும் – ஓர் ஆய்வு’.

“எப்படி இருக்குக்கா?”

“நல்லா இருக்கு. எத்தனை பேர் சேர்ந்து எழுதப் போறீங்க?”

முகம் வாடிவிட்டது. கேலி என்னுடையது இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் முன்மொழிவைப் பார்த்து ஒருவர் என்னிடம் கேட்டது. அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் இன்னொரு தே வாங்கி வைத்துக்கொண்டு, ஆய்வெல்லை என்றால் என்ன என்று இருவரும் பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். முன்மொழிவு எழுத உட்கார்ந்து முதல் பக்கத்திலேயே நிற்பவர்களுக்கு உதவலாம்.

தலைப்பு வேறு, எல்லை வேறு. தலைப்பு என்பது நீங்கள் நிற்கும் ஊர். எல்லை என்பது அந்த ஊரில் நீங்கள் உழப்போகும் நிலம். தமிழ்த்துறை ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு முன்னுரையின் அமைப்பு மனப்பாடமாகத் தெரியும்: ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம், இயல் பகுப்பு. அதில் ஆய்வு எல்லை என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். ‘இன்னாரின் பத்து நாவல்கள் மட்டும் இவ்வாய்வுக்கு எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.’ அவ்வளவுதான். ஏன் பத்து, ஏன் அந்தப் பத்து, சிறுகதைகளை ஏன் விட்டோம் என்று எதுவும் இருக்காது. எது எல்லை என்று சொல்லிவிட்டு ஏன் எல்லை என்று சொல்லாமல் விடுவதுதான் நம் பழக்கத்தில் உள்ள பெரிய ஓட்டை என்பது என் கருத்து. தேர்வுக் குழு கேள்வி கேட்கப்போவது அந்த ‘ஏன்’ மேல்தான்.

எல்லையைத் தலைப்பிலிருந்து கறக்க முடியாது. கேள்வியிலிருந்துதான் அது வரும். ‘சிங்கப்பூர்த் தமிழரும் தமிழ்மொழியும்’ என்பதில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் எங்கே வேலி போட்டாலும் அது கண்ணை மூடிக்கொண்டு போட்டதாகத்தான் இருக்கும்.

“உனக்கு உண்மையில் எது தெரியணும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். “எங்க அம்மா தமிழ்ப் பள்ளியிலே படிச்சவங்க. அந்தப் பள்ளியை மூடினப்போ ஜனங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கணும்க்கா. தமிழ் இனிமே எதுக்குன்னு அவங்க நினைச்சாங்க?”

முன்மொழிவின் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இது இல்லை. ஆனால் ஆய்வு இங்கேதான் இருக்கிறது.

சரி, கேள்வி வந்துவிட்டது. இனி யாரைப் பற்றி, எங்கே, எப்போது, எதை வைத்து என்று பார்க்கலாம்.

‘யார்’ என்பது எளிதாகத் தோன்றும், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். அவர் முன்மொழிவில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண் ஒன்று இருந்தது: வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, 2010-இல் இருந்ததைவிடக் குறைவு. எண் சரிதான். ஆனால் அது யாரை எண்ணுகிறது? ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும். வேலை அனுமதியில் வந்து தங்குவிடுதியில் இருக்கும் தஞ்சாவூர்த் தம்பி அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்தால் காதில் விழும் தமிழில் பெரும்பங்கு அந்த 2.5-க்குள் அடங்காது. அதோடு, கேள்வி ‘வீட்டில் அதிகம் பேசும் மொழி எது’ என்பதுதான். பாட்டியிடம் தமிழும் அண்ணனிடம் ஆங்கிலமும் பேசும் பிள்ளை பெரும்பாலும் ஆங்கிலக் கட்டத்தில் போய் விழும். ‘இந்தியர்’ என்ற கட்டமும் ‘தமிழர்’ என்ற சொல்லும் ஒன்றல்ல என்பது தனிக் கதை.

ஆகவே ‘சிங்கப்பூர்த் தமிழர்’ என்று எழுதினால், யாரைச் சொல்கிறோம் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவரா? நேற்று வந்த மென்பொருள் பொறியாளரா? இருவருமா? எதைச் சொன்னாலும் தப்பில்லை. சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

‘எங்கே’ பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்தத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம். அதனாலேயே இங்கே ‘சிங்கப்பூர் முழுவதும்’ என்று எழுத மனசு துடிக்கும். தமிழ்நாட்டில் ஒருவர் ‘மாநிலம் முழுவதும்’ என்று எழுதத் தயங்குவார். நமக்கு அந்தத் தயக்கமே வருவதில்லை. ஊர் சின்னது என்பதற்காக ஆய்வு சின்னதாகிவிடாது.

இனி ‘எப்போது’. நான் மண்ணைக் கவ்விய இடம் இது. என் முதல் முன்மொழிவில் காலம் 1965 முதல் 1990 வரை. குழுவில் ஒருவர் கேட்டார், ஏன் 1990-இல் முடிகிறது என்று. “இருபத்தைந்து ஆண்டு வருதுங்க” என்றேன். அறையில் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை அது. அடுத்து, “ஏன் 1965?” என்றார். சுதந்திர ஆண்டு என்று நிமிர்ந்து சொன்னேன். “அந்த ஆண்டு உங்கள் ஆய்வுப் பொருளில் என்ன மாறியது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

நாட்டின் நாட்காட்டி வேறு, ஆய்வுப் பொருளின் நாட்காட்டி வேறு. சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களைப் பற்றி எழுதுபவருக்கு 1887 முக்கியம், சிங்கை நேசன் தொடங்கிய ஆண்டு. 1935 முக்கியம், கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கிய ஆண்டு. அந்த ஆய்வாளர் தம் ஆய்வை 1965-இல் தொடங்கினால் பாதிப் படத்துக்கு மேல் ஓடிய பிறகு தியேட்டருக்குள் நுழைந்தவர் மாதிரிதான். வேறு பொருளுக்கு 1965 மிகப் பொருத்தமாக இருக்கலாம். பொருளைப் பொறுத்தது.

தங்கையின் கேள்விக்கு ஆண்டுகள் தாமாகவே வந்து விழுந்தன. அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ குழுவின் கல்வி அறிக்கை 1979-இல் வெளியானது. மாணவர்களைத் திறன்வாரியாகப் பிரிக்கும் முறை அதைத் தொடர்ந்து வந்தது. தமிழ்வழிப் பள்ளிகளில் கடைசியாக மிஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியாக இருக்கும் என்று 1983 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஆக, 1979 முதல் 1987 வரை. ஒன்பது ஆண்டு. முழு எண் இல்லை, பார்க்கவும் அழகாக இல்லை. ஆனால் இரண்டு முனையிலும் ஒரு நிகழ்வு நிற்கிறது. ‘ஏன்’ என்று கேட்டால் அந்த நிகழ்வைக் காட்டலாம்.

‘எதை வைத்து’ என்பதற்கு அவர் சொன்ன பதில், தமிழ் முரசு வாசகர் கடிதங்கள். நல்ல யோசனை. நாடாளுமன்றப் பேச்சு அரசாங்கத்தின் குரல், தலையங்கம் ஆசிரியரின் குரல், கடிதம் படிக்கிறவரின் குரல். ஆனால் கடிதம் எழுதுபவர்கள் எல்லாத் தமிழருக்கும் பிரதிநிதி இல்லை. தமிழில் எழுதத் தெரிந்து, தபால்தலை ஒட்டி அனுப்பும் அளவுக்கு வேகமும் உள்ளவர்கள் அவர்கள். அச்சில் வந்தவையும் ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்தவைதான். அப்படியானால் கேள்வியையும் கொஞ்சம் சுருக்க வேண்டும். ‘தமிழர்கள் என்ன நினைத்தார்கள்’ என்பது போய், ‘நாளிதழுக்கு எழுதிய வாசகர்கள் தமிழை எதற்கான மொழியாகப் பேசினார்கள் – வேலைக்கா, வீட்டுக்கா, அடையாளத்துக்கா’ என்று ஆனது. ஆதாரம் கேள்வியைச் சுருக்கும், கேள்வி ஆதாரத்தைச் சுருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரு இடத்தில் நிற்கும் வரை எல்லை முடிவாவதில்லை. முதல் வரைவிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் கணக்கு. முன்மொழிவு எழுதும் பலர் செய்யாத வேலை இது. செய்தால் பாதிக் குழப்பம் அன்றைக்கே தீரும். கைத்துடைக்கும் தாளின் பின்பக்கத்திலேயே போட்டோம்.

ஒன்பது ஆண்டு நாளிதழ். விடுமுறை போக ஏறத்தாழ 3,200 இதழ்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழைத் திறந்து, கடிதப் பக்கத்தைத் தேடி, படித்து, குறிப்பெடுக்க 20 நிமிடம். மொத்தம் ஏறக்குறைய 1,070 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கண் தாங்காது. 178 நாள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் எட்டு மாதம். வெறும் படிப்பதற்கு! முழுநேர முனைவர் பட்டம் என்றால் இங்கே பொதுவாக நான்கு ஆண்டு என்று பேச்சு. அதில் தொடக்கக் காலம் பாடங்களுக்கும் தகுதித் தேர்வுக்கும் போய்விடும், கடைசி ஆண்டு எழுதுவதற்குப் போய்விடும். நடுவில் மிஞ்சுவதில் எட்டு மாதத்தைப் படிப்புக்கே கொடுத்தால் யோசிப்பது எப்போது?

“அப்போ மாசத்துக்கு ஒரு வாரம் மட்டும் பார்க்கட்டுமா?” என்றார். மாதம் ஏழு இதழ், ஆண்டுக்கு 84, ஒன்பது ஆண்டுக்கு 756. மொத்தம் 252 மணி நேரம். 42 நாள். ஆகா என்று இருக்கும். ஆனால் கடிதம் தனியாக வருவதில்லை. இன்றைக்கு ஒருவர் எழுதுவார், பத்து நாள் கழித்து இன்னொருவர் மறுப்பார், அதற்கு முதலாமவர் ஒரு பதில் போடுவார். மாதம் ஒரு வாரம் மட்டும் பார்த்தால் சண்டையின் ஒரு பக்கம்தான் கையில் கிடைக்கும்.

கடைசியில் வந்த இடம் இது. 1979, 1982, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளை முழுக்கப் படிப்பது. 1983 அறிவிப்பு டிசம்பரில் வந்ததால் அதற்கான எதிர்வினையை 1984-இல்தான் தேட வேண்டும். மற்ற ஆறு ஆண்டுக்கு மாதம் ஒரு வாரம். சுமார் 1,600 இதழ், 530 மணி நேரம், நான்கு மாதத்துக்குச் சற்று மேல். இதைத் தாங்கலாம். முக்கியம் என்னவென்றால், ‘நேரம் போதாது’ என்பது இந்தக் கணக்கின் பின்னால் இருந்தாலும், எந்த ஆண்டை முழுக்கப் படிப்பது என்பதைக் கேள்விதான் முடிவு செய்தது. நேரமின்மை மட்டுமே காரணமாக நிற்கும் வேலி பலவீனமானது. குழு அதில் கை வைத்தவுடன் ஆடும்.

கணக்குப் போட்ட பிறகும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். ஒரு மாத இதழ்களை முதலில் உண்மையாகவே படித்துப் பாருங்கள். தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மின்னிலக்கமாக்கி வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. தனக்கு வேண்டிய ஆண்டுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாமா, விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய் உட்கார வேண்டுமா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. தேடல் பெட்டியில் ‘தமிழின் நிலை’ என்று அடித்தால் எல்லாம் வந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய அச்சில் ‘லை’, ‘ணை’ எல்லாம் யானைத் துதிக்கை தூக்கிய மாதிரி இருக்கும். மங்கிய தாளில் அந்தத் துதிக்கையைக் கணினி எதுவாகப் படித்ததோ, அதற்கே வெளிச்சம். ஒரு மாதம் கையால் எண்ணிப் பார்த்தால்தான், மாதத்துக்கு மூன்று கடிதமா முப்பதா என்று தெரியும். மூன்று என்றால் எல்லையை அகட்ட வேண்டும், முப்பது என்றால் இறுக்க வேண்டும்.

தாள்களோடு வேலை செய்பவருக்கு இது. மனிதர்களோடு வேலை செய்பவருக்கு வேலியின் பாதியை அடுத்தவர்தான் போடுவார். உதாரணத்துக்கு ஒரு தாதி, நீரிழிவு உள்ள தமிழ் முதியவர்களின் சாப்பாட்டை ஆராய வேண்டும் என்கிறார். காலத்துக்கு அவருக்கு நல்ல பிடி இருக்கிறது. சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் ‘போர்’ அறிவித்தது 2016-இல். ஆனால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடம்கூடக் கேள்வி கேட்க முடியாது. அனுமதி வர மாதங்கள் ஆகலாம். அப்புறம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கதவை யார் திறப்பார்கள்? திறந்த பிறகு, “சோறு எவ்வளவு சாப்பிடுவீங்க பாட்டி?” என்றால், “எப்பவும் போலதான்” என்பார். அந்த ‘எப்பவும் போல’வைக் கிராமாக மாற்றுவது எப்படி என்பதே ஒரு ஆய்வெல்லைப் பிரச்சினை. நாற்பது பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினால், பேச்சை எழுத்தாக்க மணிக்கு ஆறு மணி நேரம் வீதம் 240 மணி நேரம். தமிழும் ஆங்கிலமும் கலந்த நம் பேச்சுக்கு அதுவும் போதாது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லை நாமே போடுவது. குறை நமக்கு வந்து சேர்வது. ‘வானொலி நிகழ்ச்சிகளை நான் எடுக்கவில்லை’ என்பது எல்லை. ‘சில இதழ்களின் பக்கங்கள் சிதைந்துள்ளன’ என்பது குறை. எல்லைக்குக் காரணம் சொல்ல வேண்டும். குறைக்கு, அதனால் முடிவு எவ்வளவு பாதிக்கும் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுவது நம்மவர்களிடம் அதிகம். எல்லைக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ரொம்பச் சுருக்கிவிடவும் முடியும். 1982 ஜூன் மாதக் கடிதங்களில் வந்த வணக்கச் சொற்கள் என்று ஒருவர் முன்மொழிந்தால் வேலை சீக்கிரம் முடியும், முடிந்து என்ன? நான் வைத்திருக்கும் சோதனை இது. ஆய்வின் விடை இரண்டு விதமாக வர வாய்ப்பு உண்டா, எந்த விதமாக வந்தாலும் யாராவது தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்களா? தங்கையின் கேள்வி இதில் தேறும். வாசகர்கள் அடையாளத்தைப் பற்றியே பேசினார்கள் என்று வந்தாலும் செய்திதான், சம்பளத்தைப் பற்றியே பேசினார்கள் என்று வந்தால் அதைவிடப் பெரிய செய்தி.

எழுத்தில் ஒரு சின்ன வேலை. ‘முழுமையாக’, ‘ஒட்டுமொத்த’, ‘அனைத்து’, ‘முதன்முறையாக’ ஆகிய நான்கையும் முன்மொழிவில் தேடி அடித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் குழுவின் கையில் நீங்களே கொடுக்கும் பிரம்பு. அவர் வரைவில் ‘அனைத்து’ மட்டும் பதினான்கு முறை இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் அனுப்பிய எல்லைப் பத்தி இப்படி இருந்தது:

‘தமிழ்வழிக் கல்வி முடிவுக்கு வந்த காலத்தில் தமிழ் முரசில் வெளியான வாசகர் கடிதங்கள், தமிழின் பயனை எவ்வாறு பேசின என்பதை இவ்வாய்வு ஆராய்கிறது. காலம் 1979 முதல் 1987 வரை; கல்வி அறிக்கை வெளியானதும், ஆங்கிலம் எல்லாப் பள்ளிகளிலும் முதல்மொழியானதும் இதன் இரு முனைகள். 1979, 1982, 1984 ஆண்டுகளின் இதழ்கள் முழுமையாகவும் பிற ஆண்டுகள் மாதம் ஒரு வாரமாகவும் படிக்கப்படும். தலையங்கங்கள் சேர்க்கப்படவில்லை, ஏனெனில் கேள்வி வாசகரின் குரலைப் பற்றியது. மலேசியாவிலிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் தனியே குறிக்கப்படும், ஆனால் பகுத்தாராயப்படா. அங்கே கல்விக் கொள்கை வேறு.’

மலேசியக் கடிதங்களைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. ‘முழுமையாக’ ஒன்று தப்பித்து உள்ளே வந்துவிட்டது, ஆனால் இந்த இடத்தில் அது வேலை செய்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவருடைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கம். மேலே ‘இதில் இல்லை’ என்று தலைப்பு. கீழே வானொலி, மேடை நாடகம், பள்ளி ஆண்டு மலர், அம்மாவின் வகுப்புத் தோழிகள் என்று பதினொரு வரி. விட்டதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். படத்துக்குக் கீழே ஒரு செய்தி: “இதை எல்லாம் எழுத எத்தனை பேர் வேணும்னு இப்ப நீங்களே எண்ணிக்கோங்கக்கா.”